கேள்விக்கு ஏற்ற சோதனை: ராசிபுரமும் துளையிடாத இதயப் பரிசோதனைகளும்

ராசிபுரத்துக்கு வடக்கே சேலம், தெற்கே நாமக்கல். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இரண்டு ஊர்களும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஆண்டகளூர்கேட்டைத் தொட்டுவிட்டால் நான்குவழிச் சாலை. நெஞ்சுவலி வந்தவரைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க இங்கே சாலை ஒரு தடையே இல்லை. தடை அதற்கு முன்பே, வலி எதனால் என்று முடிவுகட்டும் இடத்தில், தொடங்கிவிடுகிறது. சேகோ ஆலையில் வேலை பார்ப்பவர், பட்டுத்தறியில் உட்கார்ந்திருப்பவர், வெளிமாநிலத்துக்குச் சுமை ஏற்றிப் போகும் லாரி டிரைவர் என யாராக இருந்தாலும், நெஞ்சை அடைத்து உடம்பு வேர்க்கும்போது முதலில் சொல்லும் காரணம் ‘வாயு’தான். சோடா குடித்துவிட்டு விடியட்டும் என்று படுத்துக்கொள்வார்கள். விடிவதற்குள் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருக்கும்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. வலி எதுவும் இல்லாத நாற்பது வயதுக்காரர் ‘முழு உடல் பரிசோதனை’க்குப் பணம் கட்டி ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்து, கோப்பு நிறையத் தாள்களோடு வீடு திரும்புகிறார். அவற்றில் எந்தத் தாள் எதைச் சொல்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உடலுக்குள் எதையும் செருகாமல் இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் அறியும் சோதனைகள் இன்று பல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்குத்தான் விடை சொல்லும். அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டு, உரிய நேரத்தில் செய்தால், இவற்றில் மிக மலிவான சோதனைகளே ராசிபுரம் போன்ற ஊரில் மிக அதிக உயிர்களைக் காக்கும். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

துளையிட்டு அறிந்த காலம்

இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்து எழுதியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். குதிரையின் தமனிக்குள் குழாயைச் செருகி, அதோடு இணைத்த கண்ணாடிக் குழாயில் இரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தார். அது 1733இல் நூலாக வெளிவந்தது. மனித இதயத்துக்குள் குழாய் நுழைத்த வரலாறு 1929இல் தொடங்குகிறது. வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர் தம் கைச் சிரை வழியாகவே குழாயை இதயம் வரை செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் இதயத் தமனிக்குள் சாயம் செலுத்திப் படமெடுத்தார். இன்று நாம் ‘ஆஞ்சியோ’ என்று சுருக்கிச் சொல்வது அதைத்தான். அடைப்பு எங்கே, எவ்வளவு என்பதற்கு இன்றும் அதுவே கடைசிச் சொல். ஆனால் அதற்குக் கேத் லேப் எனும் குழாய் செலுத்தும் கூடம் வேண்டும், பயிற்சி பெற்ற குழு வேண்டும். அரிதாகவேனும் ஆபத்தும் உண்டு. ஊர் முழுக்க எல்லோருக்கும் அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

இன்னொரு பாதை 1816இல் பாரிசில் பிறந்தது. ரெனே லெனெக் ஒரு காகிதச் சுருளை நோயாளியின் நெஞ்சில் வைத்துக் காது கொடுத்தார், ஸ்டெதஸ்கோப் உருவாயிற்று. 1896இல் இத்தாலியின் ரீவா-ரோச்சி புயத்தில் காற்றுப் பட்டை கட்டி அழுத்தம் அளந்தார். 1905இல் ரஷ்யாவின் நிக்கோலாய் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே தமனியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் மேல் அழுத்தம், கீழ் அழுத்தம் இரண்டையும் ஒலியாலேயே அறியலாம் என்று காட்டினார். ஹேல்ஸ் குதிரையின் தமனியைத் திறந்து அறிந்ததை, ஊசிகூட இல்லாமல் எந்தத் திண்ணையிலும் அறியும் நிலை அன்றே வந்துவிட்டது.

முதல் சோதனை: புயத்தில் கட்டும் பட்டை

தொற்றா நோய்களைப் பற்றி 2020இல் நடந்த தமிழ்நாடு ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பின்படி, மாநிலத்தின் வயதுவந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே. மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு மூன்றுக்கும் வித்தாகும் ஒரு நோயை நூறில் ஏழு பேர்தான் அடக்கி வைத்திருக்கிறார்கள். வீடு தேடி வந்து அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டதன் தேவை இந்த எண்களிலேயே தெரியும்.

எளிய சோதனை என்பதால் இதை அலட்சியமாகச் செய்கிறோம். நோயாளி படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, ‘சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி’ என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளப்பதை எங்கும் பார்க்கலாம். சரியான முறை வேறு. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதங்கள் தரையில் பதிந்திருக்க வேண்டும். கால்மேல் கால் போடக் கூடாது. வெறும் கையில் கட்டிய பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். அளக்கும்போது யாரும் பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். முதல் தடவை வருபவருக்கு இரு கைகளிலும் அளக்க வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும். பேசுவதாலேயே அழுத்தம் பத்துப் புள்ளி வரை ஏறலாம். அந்தப் பத்துப் புள்ளிதான் ஒருவர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டுமா என்பதை முடிவு செய்யும் வித்தியாசம்.

மருத்துவமனையில் மட்டும் அழுத்தம் ஏறுபவர்கள் உண்டு. அங்கே சரியாக இருந்து வீட்டில் ஏறுபவர்களும் உண்டு. இரண்டாம் வகையினர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர்கள், ஏனென்றால் யாரும் அவர்களைத் தேடுவதில்லை. வீட்டில் அளந்த சராசரி 135/85ஐத் தாண்டினால் அது உயர் அழுத்தம். இரவும் பகலும் மாறி மாறி வண்டி ஓட்டும் டிரைவருக்கு, 24 மணி நேரமும் இடைவெளி விட்டுத் தானே அளக்கும் கருவியைக் கட்டிவிட்டால் கிடைக்கும் விடை எந்த மருத்துவமனை அளவையும்விட நம்பகமானது.

ஈசிஜி: பத்து நிமிடக் கேள்வி

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐன்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய ஈசிஜி கருவி ஏறக்குறைய 270 கிலோ எடை. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். மருத்துவமனையிலிருந்த நோயாளியை அதனிடம் கொண்டுவர முடியவில்லை. ஆகவே 1905இல் தொலைபேசிக் கம்பி வழியாக, ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த தம் ஆய்வகத்துக்கு நோயாளியின் இதய மின்துடிப்பை வரவழைத்துப் பதிவு செய்தார். இதயத்தின் வரைபடத்தை நோயாளியிடமிருந்து பிரித்து வேறிடத்துக்கு அனுப்பலாம் என்பது ஈசிஜியோடு கூடவே பிறந்த சிந்தனை. 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சிந்தனை தமிழ்நாட்டில் பலன் தந்த கதை நாம் பெருமைப்பட வேண்டியது. தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லாசாரி முதலிய இதய மருத்துவர்கள் 2012 முதல் 2014 வரை 36 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனை மையம். சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகள் கிளைகள். கிளையில் எடுக்கும் ஈசிஜி உடனே மையத்துக்குப் போகும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே கொடுப்பதா, ஆம்புலன்சில் ஏற்றி அனுப்புவதா என்ற முடிவு அந்தத் தாளைப் பார்த்தே எடுக்கப்படும். 2,420 நோயாளிகள் சேர்ந்த இந்த ஆய்வு 2017இல் வெளியானது. ஏற்பாட்டுக்கு முன் 35 விழுக்காட்டினருக்கு நடந்த ஆஞ்சியோகிராம், பின்பு 60.8 விழுக்காட்டினருக்கு நடந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தார்கள். நோயாளிகளின் சராசரி வயது 55க்கும் கீழே. குடும்பம் அவர்கள் சம்பாத்தியத்தை நம்பியிருக்கும் வயது அது. நோயாளிகளில் பெண்கள் 16 விழுக்காடு மட்டுமே. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு பல சமயம் நெஞ்சுவலியாக வராமல் மூச்சுத்திணறலாகவோ, மேல்வயிற்று வலியாகவோ, தாடை வலியாகவோ, காரணமில்லாத வியர்வையாகவோ வரும். அவர்களுக்கு ஈசிஜி எடுக்க வேண்டும் என்று யாருக்கேனும் தோன்றியாக வேண்டும்.

நெஞ்சுவலியோடு வாசலில் நுழைந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் படித்திருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்ற விதி. தாளில் ‘எஸ்டி’ பகுதி மேலேறியிருந்தால், இரண்டு மணி நேரத்துக்குள், குழாய் செலுத்தி அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்ய முடியாத இடத்தில் கட்டி கரைக்கும் மருந்தைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்று மருந்துகளின் அவசர முதல் அளவு தரப்படுகிறது. ராசிபுரத்தை அடுத்த போதமலை அடிவாரத்துச் சிற்றூரிலிருந்து வருபவருக்கு இது முதல் அரண்.

ஈசிஜி எடுக்கும் கையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நெஞ்சில் ஆறு முனைகள் வைக்க வேண்டும். முதல் இரண்டும் மார்பெலும்பின் இருபுறமும், நான்காவது விலா இடைவெளியில் வரவேண்டும். அதைக் கண்டுபிடிக்க, கழுத்துக் குழிக்குக் கீழே மார்பெலும்பில் விரல் தட்டுப்படும் மேட்டைத் தொட்டு, அதன் பக்கத்தில் இரண்டாவது விலாவைப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொரு இடைவெளியாக இறங்க வேண்டும். அவசரத்தில் இந்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, இரண்டு விரல் மேலே வைத்துவிடுகிறார்கள். அப்போது பழைய மாரடைப்பு இருப்பதுபோல் தாள் காட்டலாம். கை ஒயர்கள் இடம் வலம் மாறினாலும் வரைபடம் தலைகீழாகும். ஒரு விரல் பிசகு ஒரு மனிதரைத் தேவையில்லாமல் இதய நோயாளி ஆக்கிவிடும்.

‘ஈசிஜி நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாங்க, அப்புறம் என்னங்க?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. சாதாரண ஈசிஜி அந்தப் பத்து வினாடிகளின் சாட்சி மட்டுமே. வலி தொடர்ந்தால் கால் மணி, அரை மணி இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டும். இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். நடக்கும்போது மட்டும் வலித்து, நின்றால் அடங்கும் நெஞ்சு, படுத்துக்கொண்டு எடுக்கும் ஈசிஜியில் குறை எதையும் காட்டாமலே இருக்கலாம். துடிப்பு எப்போதோ ஒருமுறை தப்பினால், ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவிதான் அதைப் பிடிக்கும்.

எக்கோ: அசைவையும் அழுத்தத்தையும் காணும் ஒலி

1953 அக்டோபரில் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் மீயொலியால் இதய அசைவைப் பதிவு செய்தார்கள். அவர்கள் எடுத்துப் பயன்படுத்தியது உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று தொழிற்சாலைகளில் சோதிக்கும் கருவி. எட்லருக்கு இருந்த கேள்வி தெளிவானது: மைட்ரல் வால்வு சுருங்கியவர்களில் யாருக்கு அறுவைச் சிகிச்சை பயன்படும்? தமிழ்நாட்டுக்கு நெருக்கமான கேள்வி அது. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த முடக்குக் காய்ச்சல் வால்வைத் தாக்கி, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துக் கர்ப்ப காலத்தில் மூச்சுத்திணறலாக வெளிப்படும் பெண்களை நம் மருத்துவமனைகள் நன்கறியும். நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வால்வு ஒன்றரைக்கும் கீழே சுருங்கியிருப்பதை எக்கோ சில நிமிடங்களில் காட்டிவிடும்.

எக்கோவின் உண்மையான அற்புதம் டாப்ளர் அளவீடு. நகரும் இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து இரத்தத்தின் வேகம் தெரிகிறது. வேகத்தை வர்க்கப்படுத்தி நான்கால் பெருக்கினால், வால்வின் இருபுறத்து அழுத்த வித்தியாசம் மி.மீ. பாதரசத்தில் கிடைத்துவிடும். பெருந்தமனி வால்வு வழியாக நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் இரத்தம் பாய்ந்தால் வித்தியாசம் 4 × 16 = 64. கடுமையான சுருக்கத்தின் அடையாளம் அது. முன்பு இந்த ஒரு எண்ணுக்காக இதயத்துக்குள் குழாய் செலுத்தினார்கள்.

ஆனால் எக்கோவிடம் கேட்கக் கூடாத கேள்வியும் ஒன்றுண்டு: ‘இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறதா?’ இதயம் ஒரு துடிப்பில் எத்தனை விழுக்காடு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதை எக்கோ சொல்லும். ஏறக்குறைய 55க்கு மேல் என்றால் நலம். மூன்று குழாய்களிலும் அடைப்பு உள்ளவருக்கும், மாரடைப்பு இதுவரை வராதிருந்தால், அந்த எண் 60 என்று வரலாம். அறிக்கையில் ‘இயல்பு’ என்று படித்துவிட்டு, நடக்கும்போது வரும் நெஞ்சுவலியை மறந்துவிடக் கூடாது.

டிரெட்மில்லும் நிகழ்தகவும்

அந்த நெஞ்சுவலிக்கு உரிய சோதனை, இதயத்தை உழைக்கவிட்டுப் பார்ப்பது. ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறையில், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுபட்டையின் வேகமும் ஏற்றமும் கூடும். 220லிருந்து வயதைக் கழித்து வரும் துடிப்பில் 85 விழுக்காட்டையாவது எட்டினால்தான் சோதனை போதுமானது.

இதன் விடையை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நோயுள்ள நூறு பேரில் இச்சோதனை ஏறக்குறைய 68 பேரைக் கண்டுபிடிக்கிறது. நோயில்லாத நூறு பேரில் 77 பேரைச் சரியாக விடுவிக்கிறது. இப்போது ஒரு கணக்குப் போடுவோம். வலியோ வேறு ஆபத்துக் காரணமோ இல்லாத ஆயிரம் பேர். அவர்களில் ஐம்பது பேருக்கு நோய் என்று கொள்வோம். சோதனை 34 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோயற்ற 950 பேரிலும் ஏறக்குறைய 219 பேருக்கு ‘பாசிட்டிவ்’ என்று சொல்லிவிடும். ஆக 253 பேர் பயந்துபோய் அடுத்த மருத்துவமனைக்கு ஓட, அவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர்தான் உண்மையில் நோயாளிகள்.

இதே சோதனையை, புகைப்பழக்கமும் சர்க்கரையும் நடந்தால் வலியும் உள்ள ஆயிரம் பேருக்குச் செய்வோம். அவர்களில் 600 பேருக்கு நோய் என்று கொள்வோம். பாசிட்டிவ் வரும் 500 பேரில் 408 பேர் உண்மையான நோயாளிகள். ஆனால் 192 நோயாளிகளுக்கு ‘நெகட்டிவ்’ என்று வந்திருக்கும். கருவி, முறை எதுவும் மாறவில்லை. சோதிக்கப்பட்டவர்கள் மாறியதால் விடையின் பொருள் மாறியது. அதனால்தான் நோயாளியை உட்காரவைத்து வலியைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்கும் மருத்துவர், சோதனையில் பாதியைச் செய்து முடித்துவிட்டவர் ஆகிறார்.

கணுக்கால் சொல்லும் சேதி

இரத்தக் குழாய் நோய் இதயத்தோடு நிற்பதில்லை. சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுப்பதும், நின்றால் தெளிவதும், மறுபடி நடந்தால் அதே தூரத்தில் மறுபடி பிடிப்பதும் கால் தமனி அடைப்பின் அறிகுறி. பீடி குடிப்பவரும் சர்க்கரை நோயாளியும் இதை வயசு என்றும் நரம்பு என்றும் தள்ளிவிடுகிறார்கள்.

கண்டறிய வேண்டியது ஒரு பி.பி. பட்டையும் கையடக்க டாப்ளர் கருவியும்தான். நோயாளியைப் படுக்கவைத்து, கணுக்காலுக்கு மேலே பட்டையைக் கட்டி, உட்புற எலும்புமுனைக்குப் பின்னால் பசை தடவி டாப்ளரை வைத்தால் இரத்தம் பாயும் சத்தம் கேட்கும். காற்றை ஏற்றிச் சத்தத்தை நிறுத்தி, மெல்ல இறக்கும்போது எந்த அளவில் சத்தம் திரும்புகிறதோ அதுவே கணுக்கால் அழுத்தம். புறங்காலிலும் அதேபோல் அளந்து, கூடுதலாக உள்ளதைப் புய அழுத்தத்தால் வகுக்க வேண்டும். புயத்தில் 140, கணுக்காலில் 98 என்றால் விகிதம் 0.7. 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கால் தமனியில் அடைப்பு. அவருக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் கூடுதல். 1.4ஐத் தாண்டினால், சுண்ணாம்பு படிந்து தமனி அமுங்க மறுக்கிறது என்று பொருள். சர்க்கரை நோயாளிகளிடம் இதைக் காணலாம். ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு வயதுவந்தோரில் 17.6 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. விரலை எடுப்பதா, காலை எடுப்பதா என்ற நிலைக்கு ஒருவர் வருவதற்கு முன்பே எச்சரிக்கக்கூடிய இந்தச் சோதனை நம் சர்க்கரை நோய்ப் பிரிவுகளில் அன்றாட வழக்கமாக வேண்டும்.

அடைப்பு வருவதற்கு முன்பே தமனிச் சுவர் விறைக்கத் தொடங்கும். விறைத்த குழாயில் நாடி அலை வேகமாக ஓடும். கழுத்துக்கும் தொடைக்கும் இடையே அது நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டுவதை ஆபத்தின் எல்லையாகக் கொள்கிறார்கள். சென்னை ஐஐடியின் நலவாழ்வுத் தொழில்நுட்பப் புத்தாக்க மையத்தில் உருவான ‘ஆர்ட்சென்ஸ்’ கருவி, படம் எடுக்காமலே மீயொலி முனையால் கழுத்துத் தமனியின் விறைப்பை அளக்கிறது. நிபுணர் இல்லாத இடத்திலும் செவிலியரே அளக்கும்படி எளிமையாக்குவதுதான் அதன் நோக்கம். நம் தேவையை நம் பொறியாளர்களே கேள்வியாக எடுத்துக்கொண்டதற்கு அது நல்ல சான்று.

சி.டி. ஸ்கேனில் இதயத் தமனியின் சுண்ணாம்புப் படிவை எண்ணும் முறையும், கைச் சிரையில் சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோவும் பெருநகரங்களில் பரவிவிட்டன. மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று முடிவுக்கு வர முடியாத நடுத்தர ஆபத்துள்ளவர்களுக்கு அவை உதவும். அழுத்தம் 160 இருப்பது ஏற்கெனவே தெரிந்தும் மாத்திரை சாப்பிடாதவருக்கு அந்தப் படம் புதிதாக எதையும் சொல்லிவிடாது.

ஊர் கேட்க வேண்டியவை

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ராசிபுரம் கேட்க வேண்டியது ஆடம்பரமான எதுவும் இல்லை. நெஞ்சுவலி என்று வருபவருக்கு, பணம் கட்டும் வரிசைக்கு முன்பே, பத்து நிமிடத்தில் ஈசிஜி. அந்தத் தாள் உடனே சேலத்திலோ நாமக்கல்லிலோ இருக்கும் இதய மருத்துவரின் கண்ணில் படும் ஏற்பாடு. விலா இடைவெளியை எண்ணி முனை வைக்கவும், ஐந்து நிமிடம் உட்காரவைத்து அழுத்தம் அளக்கவும் ஆண்டுதோறும் பணியாளர்களுக்குப் பயிற்சி. மூச்சு வாங்கும் கர்ப்பிணிக்குத் தாமதமில்லாமல் எக்கோ. சர்க்கரை நோயாளிக்கு ஆண்டுக்கொருமுறை கணுக்கால் அளவீடு.

நோயாளி செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. எந்தச் சோதனை எழுதிக் கொடுத்தாலும், ‘இது எதைக் கண்டுபிடிக்க? விடை எப்படி வந்தால் என் வைத்தியம் மாறும்?’ என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். பழைய ஈசிஜி தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். புதிய தாளில் தெரியும் மாற்றம் இன்று வந்ததா, ஐந்தாண்டாக இருப்பதா என்பதைப் பழைய தாளோடு ஒப்பிட்டால் உடனே தெரியும். லாரி டிரைவர் என்றால் அதைச் செல்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். நாக்பூரில் வலி வந்தாலும் அங்குள்ள மருத்துவர் அதைப் பார்த்து முடிவெடுப்பார். அந்த முடிவு சில நிமிடம் முன்னதாக வந்தால் அவ்வளவு இதயத் தசை பிழைக்கும்.